மூன்று ஆட்டம் போதும்

மைக்கா வீசிய பந்து நேராகத் தடுப்பாட்டக்காரன் கையில் போய் உட்கார்ந்தது. புதன்கிழமை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியில் வரிசையாக இது நாலாவது தடவை. எல்லைக்கோட்டருகே மடக்கு நாற்காலியில் இருந்த வெண்டெல் க்ரூபருக்கு மனசு குளிர்ந்துபோனது.

ஒஹாயோவின் அந்தச் சின்னக் கல்லூரிக்கு ஸ்கோர்போர்டு வாங்கிக் கொடுத்தவர் அவர். டிராக்டர் விற்றுப் பெரிய ஆளானவர். அதனாலேயே, மைக்காவைப் போலப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை எடைபோடவும் தெரிந்துவிட்டதாக நம்புகிறவர்.

"இவனை மூணு ஆட்டத்துல இறக்குனீங்க, ரெண்டு தோத்தாச்சு. இன்னும் என்ன கோச் பாக்கணும்?"

"பத்தொன்பது வயசுதான் சார் ஆகுது. வழக்கமா இந்த வேலைய ரெண்டாவது குவாட்டர்பேக்தான் செய்வான். அவனுக்குத் தோள் வலி, மைக்காவே இறங்கிட்டான்," என்றார் பயிற்சியாளர் பிக்கெட், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாக்கு சொல்லாதீங்க. தேறுற பையனுக்கு மூணு ஆட்டம் போதும். சனிக்கிழமை நம்மகூட மோத வர்றானே கோல்ட்டன் ரீஸ், அவனும் இந்த வருஷம் வந்தவன்தான். மூணும் ஜெயிச்சான். முதல் ஆட்டத்துலயே சொன்னேன், இவன் பிறவி ஆட்டக்காரன்னு."

மைக்காவும் அவன் பக்கம் ஆடிய பத்துப் பேரும் கல்லூரியின் நீலச் சட்டைமேல் பச்சைப் பனியன் மாட்டியிருந்தார்கள். மைக்கா பின்பக்கம் சாய்ந்து அடுத்த பந்தை வீசினான். அதுவும் பறிபோனது. பிக்கெட் திருப்தியாகத் தலையாட்டினார். மனுஷன் வெட்கத்தை மறைக்கிறார் என்று வெண்டெல் நினைத்துக்கொண்டார்.

"என்னென்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க சார்," என்றார் பிக்கெட். பக்கத்தில் நின்ற துணைப் பயிற்சியாளர் நோட்டைத் திறந்தார்.

கேட்க வேண்டுமா? வெண்டெல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"எழுதிக்கோ தம்பி. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இவனுக்குத் தெரியல. வலது பக்கம் ஒருத்தனையே முறைக்கிறான். எங்க வீசப்போறான்னு டிக்கெட் கிழிக்கறவனுக்குக்கூடத் தெரியும். ஆளுங்க பாஞ்சு வந்தா பின்னங்கால்ல சாஞ்சுடுறான், பந்து அந்தரத்துல தொங்குது. இவனுக்குத் தடுப்பாட்டமே வேண்டாம், கூடைய ஏந்திக்கிட்டு நின்னா போதும்."

எல்லாம் எழுதியாகிவிட்டதா என்று பிக்கெட் நோட்டை எட்டிப் பார்த்தார். அது வெண்டெலுக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது.

"சனிக்கிழமை இவனை உக்கார வைங்க. இல்லேன்னா திங்கக்கிழமை நிர்வாகக் குழுவுல உங்க வேலையப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

பிக்கெட் நோட்டை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு துணைப் பயிற்சியாளரிடமே நீட்டினார். "ஒண்ணுவிடாம சரி. தடுப்பாட்டக்காரங்க எல்லாருக்கும் இதை ஒரு பிரதி கொடுத்துடு."

வெண்டெல் முகம் சுளித்தார். "மைக்காவோட தப்பு அவங்களுக்கு எதுக்கு?"

"மைக்காவோட தப்பு இல்ல சார். மூணு நாளா வீடியோ பாத்து, அவங்க அணிப் பச்சையையும் மாட்டிக்கிட்டு, உங்க கோல்ட்டன் ரீஸைத்தான் அப்படியே ஆடிக் காட்டினான்."