உப்பிட்டவள்

பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள் ஸ்லாவ்கா. ஒரு கிலோ உப்பையும் கொதிக்கிற கொப்பரைக்குள் கொட்டி, நீளக் கரண்டியால் அடிவரை ஒரு கிண்டு கிண்டினாள். எல்லாம் இடது கையால்தான். அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கோயில் முற்றத்துக் கொப்பரையில் வெந்துகொண்டிருந்தது வெல்கோ வீட்டு நேர்ச்சைக் கிடா. விடிந்ததும் பாதிரியார் வருவார். கிடா யார் யார் பேருக்கு என்று எழுதின சீட்டைப் பார்த்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்து மந்திரிப்பார். அந்தப் பேர்களை வெளியே சொன்னால் நேர்ச்சை பலிக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அப்புறம் வெல்கோ வீடு வீடாகக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பான். ஊர் முழுக்க, ஸ்லாவ்கா வீட்டைத் தவிர.

மழையில் பெருகிய ஆற்றுக்குள் டிராக்டரோடு கவிழ்ந்தவன் இந்த வெல்கோ. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஸ்லாவ்காதான் இறங்கி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அவனுக்கு உயிர் வந்தது, அவளுக்குத் தோள் போனது. பிழைத்ததற்கு நன்றியாக, வருஷா வருஷம் அதே நாளில் கடவுளுக்கு ஒரு கிடா.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கே அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான். "எனக்கு எதுக்கு நன்றி? போய்க் கடவுளுக்குச் சொல்லு. உன் ஆடு என் முட்டைக்கோஸைத் தின்னாம இருந்தா அதுவே போதும்" என்று கதவைச் சாத்தியவளும் இவள்தான். ரோடோபி மலையில் இவள் வாய்க்கு அஞ்சாத ஆள் கிடையாது. வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, மனசு அன்றையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

போன வருஷம் வெட்கத்தை விட்டு, வாசல் கேட்டைக்கூடத் திறந்து வைத்திருந்தாள். வெல்கோ இரண்டு கையிலும் கிண்ணத்தோடு, குனிந்த தலை நிமிராமல் தாண்டிப் போனான். யாருக்குத்தான் வயிறு எரியாது? இந்த வருஷம் உப்பு வாங்கிவிட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டது. பாதிரியாரை அழைக்கப் போயிருந்த வெல்கோவும் அவன் மனைவி மின்காவும், ஈஸ்டருக்கு அப்புறம் ஊருக்குப் புதிதாக வந்த இளம் பாதிரியாரும் கோயில் சுவரைச் சுற்றி வந்தார்கள். ஸ்லாவ்கா ஓடவில்லை. காலிப் பாக்கெட்டை அவர்கள் பார்க்கட்டும் என்றே ஆட்டிக் காட்டினாள்.

"அடிப்பாவி! என்னத்தக் கொட்டின?" மின்கா அலறினாள்.

"உப்புதான். விஷம்னு நெனச்சியா? உங்களுக்கு அவ்வளவு செலவு பண்ண மாட்டேன்."

வெல்கோவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "பொழுது விடியற வரைக்கும் நின்னு வேக வச்சிருக்கோம். உனக்கு என்ன கேடு?"

"பன்னெண்டு வருஷமா ஊரே நக்குது. அந்தக் குடிகாரன் கோலியோவுக்குக்கூட ரெண்டு கிண்ணம் போகுது. எனக்கு என்ன வந்துச்சு? இந்தத் தோளுக்கு ஒரு கரண்டி சூப்பு பெறாதா?"

"உனக்குக் குடுக்க முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. போயிடு இங்கேருந்து!"

பாதிரியார் நடுவில் புகுந்தார். "இருங்க, இருங்க. கொஞ்சம் தண்ணி ஊத்தினா சரியாயிடும். வெல்கோ, நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"நான் குடிக்கக் கூடாது சாமி. சீட்டுல பேர் உள்ளவங்க யாரும் இதை வாயில வைக்கக் கூடாது. மத்தவங்களுக்குத்தான். எங்க வீட்டுல இன்னைக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்."

சரி என்று பாதிரியாரே ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்தில் புல்லில் துப்பினார்.

"நல்லாருக்கா சாமி?" ஸ்லாவ்கா அவர் கையிலிருந்த கரண்டியைப் பறித்துக் கொப்பரைக்குள் விட்டாள். "இப்பவாவது நான் குடிச்சுப் பாக்கறேன். நான் போட்ட உப்பு, அதுக்காவது எனக்கு உரிமை உண்டுல்ல?"

கரண்டி அவள் உதட்டருகே போகும்போது வெல்கோ பாய்ந்து தட்டிவிட்டான். சூப்பு அவள் ஏப்ரனில் கொட்டியது. கரண்டி கல்லில் விழுந்து உருண்டது.

"யார் வேணா குடிக்கட்டும். நீ குடிக்கக் கூடாது!"

"பாத்தீங்களா சாமி? நாய்க்குக்கூட எலும்பு போடுவான், எனக்குப் போட மாட்டான்!" அவள் வெல்கோ பக்கம் திரும்பினாள். "உன்னை அன்னைக்கே ஆத்தோட விட்டிருக்கணும்டா. விட்டிருந்தா எனக்குக் கையாவது மிஞ்சியிருக்கும்."

வெல்கோ குனிந்து, விழுந்த கரண்டியை எடுத்தான். மின்கா ஏனோ அடுப்பு விறகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷக் கோபமும் கண்ணீராக வழிய, ஸ்லாவ்கா இடது கையால் ஏப்ரனைத் துடைத்தாள்.

பாதிரியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளை. மந்திரித்துவிட்டாவது கிளம்புவோம் என்று அங்கிப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"சாமி, சத்தமா வேண்டாம்!" வெல்கோ பதறினான்.

அதற்குள் அவர் வாய்விட்டே படிக்க ஆரம்பித்திருந்தார்.

"வெல்கோ, மின்கா, உங்க பொண்ணு... வீட்டுல மூணு பேர்தானே? எல்லாருக்கும் மேல 'ஸ்லாவ்கா'ன்னு எழுதியிருக்கே, அது யாரு?"