வாய் திறக்காத கௌதாரி

வேடன் வலை விரித்து, நடுவில் இரண்டு கூண்டுகளை வைத்தான். ஒன்றில், தன் இனத்தையே கூவி அழைத்து வலையில் சிக்கவைக்கும் கொழுத்த சேவல் கௌதாரி. மற்றதில், பிடிபட்ட நாள் முதல் கூவ வாயே திறக்காத பெட்டைக் கௌதாரி.

"இன்னைக்கும் கூப்பிடலேன்னா நீ குழம்புதான், தங்கச்சி," என்றது சேவல். "என்னைப் பாரு, வேளாவேளைக்குக் கம்பும் கரையானும்!"

"யார் யாரைக் கூப்பிட்டு, அண்ணே?"

"அதையெல்லாம் நினைச்சா கம்பு உள்ளே இறங்குமா?" என்று சிரித்துவிட்டுச் சேவல் கூவியது.

"இது அம்மா குரல் இல்லை," என்றது புதருக்குள் ஒரு குஞ்சு. "அம்மா, இருக்கியா?"

தன் குஞ்சின் குரல் கேட்டதும் பெட்டை அலகை இறுக மூடிக்கொண்டது.

"வா, போகலாம். அம்மா நம்மை மறந்துட்டா," என்றது இன்னொரு குஞ்சு.

சருகுச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை பெட்டை அசையவில்லை. வேடன் சேவலுக்குக் கம்பு போட்டுவிட்டு, அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினான்.