வரிசையில் நின்ற பதில்கள்

பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாவுக்குக் காதோரம் பொருத்திய சில்லுதான் குரல். அவர் கொஞ்சமாகத்தான் பேசினார். ஆனாலும் அவருக்கு ஒதுக்கிய பேச்சு நேரம் தீர்ந்துவிட்டதென்று தப்புக் கணக்குப் போட்டு, அது அவர் வாயை அடைத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சில்லுக்கான மென்பொருளை எழுதியவளே அவர் மகள் பூங்கோதைதான். பிழையை இன்றுதான் கண்டுபிடித்துத் திருத்தினாள்.

சில்லுக்குள் தேங்கிக் கிடந்த பேச்செல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.

"ஃபேனைக் கொஞ்சம் குறைம்மா."

"காப்பி போதும்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது.

"வேணாம்மா. ஜிம்மி என்கூடவே இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று போன மாதம் அவரைக் கேட்டிருந்தாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அன்று மாலையே கொடுத்தும்விட்டாள்.

அதற்குப் பிறகு வரிசையில் நின்றதெல்லாம் ஒரே கேள்விதான்.

"ஜிம்மி எங்கம்மா?"

"ஜிம்மி எங்கம்மா?"