முந்திக்கொண்ட வெண்டெல்

"லோரெட்டா, வண்டியை நிறுத்தும்மா! அது நம்ம வெண்டெல்தானே?"

க்ளைட் ஹார்மன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. ஏழடி உயரத்தை எங்கே ஒளித்து வைக்க முடியும்? அவர்கள் பார்க்க வந்த ஆட்டக்காரன் ஐசையா கிரீரின் வீட்டிலிருந்து வெளியே வந்தவன், ஒரு சின்ன வாடகைக் காருக்குள் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டு போயே போய்விட்டான்.

"துரோகி! நம்ம தலையில மண்ணை அள்ளிப் போடத்தான் ஒமாஹாவுல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கான்."

"டீம்ல அவர் இடம் போகுதேன்னு பயம் சார்" என்றாள் லோரெட்டா.

க்ளைட், ஒமாஹா கூடைப்பந்து அணியின் மேனேஜர். லோரெட்டா, அந்த அணிக்கு ஆள் தேடிப் பிடிப்பவள். அணியில் மற்றவர்களெல்லாம் சூரப்புலிகள். ஓட்டை ஒரே இடத்தில்தான். கூடைக்குக் கீழே காவல் நிற்கும் சென்டர். பல வருஷமாக அங்கே நிற்பவன் வெண்டெல் டேட். அவனுக்கு முழங்கால் போய்விட்டது. எதிரணிக்காரர்கள் மாமியார் வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்து பந்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தக் கோடையில நல்ல சென்டர் வரலைன்னா, அடுத்த கோடையில நீ வேற வேலை பாத்துக்கோ."

ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம் என்று இருந்த சென்டர்கள் மூன்று பேர். ஒருவன் நன்றாகக் குதிப்பான், இறங்கும்போது அடிபட்டுக்கொள்வான். இன்னொருவன் தூர நின்று பந்து எறிவதில் மன்னன், கூடைக்குக் கீழே இடிபட வரமாட்டான். ஐசையா மட்டும் மலை. அவனைத்தான் எடுப்பது என்று லோரெட்டாவும் க்ளைட்டும் சண்டை போட்டு முடிவு செய்திருந்தார்கள். அதே முடிவுக்கு இன்னும் மூன்று அணிகள் வந்திருந்ததுதான் வம்பு.

கதவைத் திறந்தது ஐசையாவின் அம்மா எர்னஸ்டின்.

"வாங்க, உக்காருங்க. அடுப்புல இருந்து இப்பதான் எடுத்தேன், பீச் பழம் போட்ட கேக். உங்க பையன் ரெண்டு தட்டு காலி பண்ணிட்டான்."

"வெண்டெலா?"

"ஆமா. காலையிலேயே வந்துட்டான். பேசினான் பேசினான், அப்படிப் பேசினான்!"

 அணியின் பெருமையைக் காட்டக் கொண்டுவந்த பளபளப்பான வீடியோவை எடுக்கக்கூட க்ளைட்டுக்குக் கை வரவில்லை.

"அவன் என்ன சொல்லியிருந்தாலும்..." என்று ஆரம்பித்தார்.

"உங்க கோச் பயங்கரமா கத்துவாராமே சார்?" என்றான் ஐசையா.

"அது வந்து..."

"ஜனவரியில உங்க ஊர்ல மூக்கே உறைஞ்சு போயிடுமாமே?"

"கொஞ்சம் குளிர்தான்..."

"டேரியஸ் கடைசி நேரத்துல யாருக்கும் பந்தே குடுக்க மாட்டானாமே?"

டேரியஸ் அணியின் நட்சத்திரம். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று க்ளைட் தலை குனிந்தார்.

ஐசையா சிரித்துவிட்டான். "சார், நான் வரேன். உங்க டீம்தான்."

"என்னப்பா சொல்றே?"

"மத்தவங்க எல்லாம் வந்து சொர்க்கத்தைக் காட்டிட்டுப் போனாங்க. வெண்டெல் அண்ணன்தான் உள்ளதைச் சொன்னார். கோச் கத்துவார், சாயங்காலமே மறந்துடுவாராம். டேரியஸ் பந்து குடுக்கணும்னா அவனுக்கு இடது பக்கமா நிக்கணுமாம். அந்தக் காலை வச்சுக்கிட்டு, வாசல்ல இருக்கற கூடைக்குக் கீழ நின்னு காட்டினார் சார்!"

"அங்க எந்தச் சர்ச்சுல பாட்டு நல்லா இருக்கும்னுகூடச் சொன்னான்" என்றாள் அம்மா.

 தன் இடத்தைப் பிடிக்க வருபவனைத் தானே டிக்கெட் எடுத்து வந்து அழைக்கிறவனை இந்தத் தொழிலில் க்ளைட் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. இவனையா துரோகி என்றோம் என்று நாக்கு கூசியது.

"அவர்கிட்டயே கேட்டுட்டேன் சார், நான் வந்தா உங்க கதி என்னண்ணேன்னு" என்றான் ஐசையா.

"என்ன சொன்னான்?"

"'என் கால் முடிஞ்சு போச்சுடா. அதுக்காகக் கூட ஆடற பசங்க தோக்கணுமா?'ன்னார்."

 அம்மா தட்டை க்ளைட் பக்கம் நகர்த்தினாள்.

"ஆனா இவன் சரின்னு சொன்னது அதுக்காக இல்ல. கால் போனதும் உன்னை எப்படிப்பா அனுப்பறாங்கன்னு நான்தான் வெண்டெலைக் கேட்டேன். நாளைக்கு என் பிள்ளைக்கும் கால் போகும் இல்லையா?"

"ம்..."

"நீங்க அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, உக்கார வச்சு சாப்பாடு போட்டு, தோள்ல கையைப் போட்டு, புது ஆள் எடுக்கற விஷயத்தை முதல்ல அவன்கிட்டதான் சொன்னீங்களாமே! சொல்லும்போது அவனுக்கே கண்ணு கலங்கிடுச்சு. இப்படிப்பட்ட மனுஷன்கிட்ட என் பிள்ளையை நம்பி அனுப்பலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டோம்."

க்ளைட் குனிந்து தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். 

திரும்பும்போது காரில் லோரெட்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லலையே சார்! வெண்டெலை எப்ப வீட்டுக்குக் கூப்பிட்டீங்க?"

க்ளைட் சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"கூப்பிடலம்மா. இந்த விஷயமா நான் அவன்கிட்ட இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசல."