ஆற்றங்கரையில் எவ்லா

பனிநாட்டில் எத்நெவுத் என்பவனிடம் சறுக்குவண்டி இழுக்க இரண்டு நாய்கள் இருந்தன. பெண் நாய் எவ்லா, எத்நெவுத்தின் தாய்மொழியான கோரியாக் கேட்டு வளர்ந்தவள். ஆண் நாய் புரான் ஊரில் பிறந்தவன், அவனுக்கு ரஷ்ய மொழி மட்டும்தான் தெரியும்.

ஊருக்குக் குடிவந்ததும் கடைத்தெருவில் யாரோ தன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று எத்நெவுத் கோரியாக் பேசுவதையே விட்டுவிட்டான். ஒருநாள் கலைமான் மேய்ப்பவர் ஒருவர் அந்த மொழியில் "வா" என்று கூப்பிட, எவ்லா வாலாட்டிக்கொண்டு ஓடினாள். எத்நெவுத் எல்லோர் முன்னாலும் அவளைச் சாட்டையால் விளாசினான்.

"இனி அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தால் தோலை உரித்துவிடுவேன்!"

இன்னும் இரண்டு முறை அப்படி அடி விழுந்தது. பிறகு அந்தச் சொல் காதில் பட்டாலே அவள் உடம்பைக் குறுக்கிப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்தது. வார் அறுந்து நாய்கள் கரையேறிவிட்டன. எத்நெவுத் தண்ணீரில் கிடந்து பனியின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். எவ்லாவின் கழுத்தில் நீள வார் இன்னும் தொங்கியது. அவள் பக்கத்தில் போனால் பிடித்து ஏறிவிடுவான். பயத்தில் அவன் வாயில் கோரியாக்தான் வந்தது.

"என்ன கத்துகிறான்?" என்றான் புரான்.

"வா என்கிறான்."

"போயேன்!"

"போனால் அடிப்பான்."

எவ்லா வயிற்றைப் பனியோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அவன் மறுபடி மறுபடி கூப்பிட்டான். பிறகு சத்தம் நின்றது.

"கடைசியாக என்ன சொன்னான்?" என்று கேட்டான் புரான்.

"அடிக்க மாட்டேன், வாடி என்றான்."