தெரியாத முகம்

திரைச்சீலையின் ஓட்டையில் கண்ணை வைத்தேன். அதே முகங்கள்.

ஓரான் நகரில் நாடகம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் அடங்கிவிடுவோம். மற்றக் குழுக்காரர்கள் போட்டால் நாங்கள் போய்ச் சிரிப்போம். நாங்கள் போட்டால் அவர்கள் வந்து சிரிப்பார்கள். மொய்க்கு மொய். முடிந்ததும் முனைக்கடையில் ரொட்டிக்குள் கரந்திக்கா என்ற கடலைமாவுப் பண்டத்தை வைத்துத் தின்றபடி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வோம்.

"மகாராணி, இன்னும் கொஞ்சம் எட்டிப் பாத்தா திரை கிழிஞ்சிடும்," என்றான் எங்கள் இயக்குநர் ஹவாரி.

போன வாரம் இதே கூடத்தில், ஒத்திகையின்போது அவனிடம் கத்தியிருந்தேன். நாடகத்தின் முதல் நாள் நமக்குத் தெரியாத ஒரே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் அல்ஜியர்ஸ் போய் அண்ணன் பார்த்து வைத்த காப்பீட்டு அலுவலக வேலையில் சேர்ந்துவிடுவேன் என்று. சும்மா மிரட்டவில்லை. மறுநாள் காலை ரயிலுக்கான டிக்கெட் என் பையில் இருந்தது.

மறுபடி கண்ணை வைத்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி. பழுப்பு மேலங்கி, மடியில் காய்கறிப் பை. யாரென்றே தெரியவில்லை.

அன்று அவருக்காகவே நடித்தேன்.

முதல் வேடிக்கைப் பேச்சுக்கு, நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். அடுத்ததற்கும் அப்படியே. உற்றுப் பார்த்தால், என் வசனத்தோடு சேர்ந்து அவர் உதடும் அசைகிறது.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என்னை நிறுத்தி வைக்க ஹவாரி ஆள் பிடித்து, வசனமும் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறான். மேடையோரம் நின்றவனை முறைத்தேன். ஒன்றும் தெரியாதவன் போலக் கட்டைவிரலை உயர்த்தினான். கடைசிக் காட்சியை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

கைதட்டல் ஓயும் முன்னே இறங்கிப்போய் அந்தப் பெண்மணியின் முன்னால் நின்றேன்.

"உங்களை ஹவாரிதானே வரச் சொன்னான்?"

"யாரு, எப்பப் பாத்தாலும் 'மொதல்லேர்ந்து, மொதல்லேர்ந்து'ன்னு கத்துவாரே, அவரா? அவர் சொல்லி நான் ஏன் வரேன்?" என்று பையை எடுத்துக்கொண்டார். "அது இருக்கட்டும் பொண்ணே. கிணத்தடியில நின்னு உங்கம்மாவத் திட்டிட்டு அழுவியே, அதை ஏன் எடுத்துட்டீங்க? எனக்கு அதுதான் பிடிக்கும்."

அந்தக் காட்சியை ஒத்திகையிலேயே வெட்டிவிட்டோம். வெளியாள் யார் முன்னாலும் நான் அதை நடித்ததில்லை.

அவர் விரலால் கூரையைக் காட்டினார்.

"என் அடுப்படிக்குக் கீழதான் நீங்க பேசறது. எங்க வாசல் அந்தப் பக்கத் தெருவுல. வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டேதான் சமைக்கிறேன். போன வாரம் நீ கத்தினதும் கேட்டுச்சு. போறதுக்கு முன்னாடி முகத்தையாவது பாத்துரலாம்னு இறங்கி வந்தேன்." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "நான் தெரியாத ஆள் கணக்குல வருவேனா?"

ஹவாரி பக்கம் திரும்பினேன்.

"நாளைக்குக் கிணத்தடிக் காட்சியத் திரும்பச் சேத்துடு," என்றேன்.