ஊறல் அடங்கல

பானு குனிந்து வாளியின் மூடியில் காதை வைத்தாள்.

உள்ளே, சூடு தணிகிற எண்ணெயில் கேட்பதுபோல ஒரு மெல்லிய பொரிச்சல்.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கொண்டாப்பூர் அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடியில், பிரசன்னா முதன்முதலாகக் காய்ச்சிய இருபது லிட்டர் பீரை எதில் அடைப்பது என்று மற்ற மூன்று பேரும் மல்லுக்கு நின்றார்கள்.

அந்தத் தெலுங்கு நகரத்தின் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்த, தமிழ் அரைகுறையான நண்பன் ஃபெலிக்ஸ், "பாட்டில் நக்கோ, வேணாம், கெக்தான்" என்று ஒற்றைக் காலில் நின்றான். கெக் என்பது எவர்சில்வர் உருளை. அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்துவிட்டால் தீர்ந்தது.

கற்றுக்குட்டிக்குப் பாட்டில் போதும் என்றான் பிரசன்னா. கழுவிய பாட்டில்கள் பால்கனியில் தலைகீழாகக் காய்ந்தன. ஆபீஸ் தோழி வர்ஷினியும் அவன் கட்சி. தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்துவிடுவாளாம்.

அந்தக் கட்டிலுக்கடியில்தான் அவள் குழந்தை நாள் முழுக்கத் தவழ்கிறது.

மூடியில் செருகிய குழாயில் இரண்டு நாளாகக் குமிழி இல்லை, ஆகவே புளிப்பது முடிந்தது என்பது பிரசன்னாவின் கணக்கு. இன்ஜினியர் கணக்கு. மூடி சரியாகப் பிடிக்கவில்லை, காற்று விளிம்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பானுவின் மூக்கு சொன்னது.

சொல்லலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

அடுத்த மாதம் அவளுக்கும் பிரசன்னாவுக்கும் நிச்சயதார்த்தம். அம்மா செங்கம் பக்கம் இட்லிக்கடை வைத்திருந்ததாகத்தான் அவனிடமும் அவன் வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறாள். வரப்போகும் மருமகள் தன் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று அவன் அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். அந்த இட்லிக்கடைக் கதை போனால் கல்யாணமும் போகும்.

பிரசன்னா முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான்.

"தொறக்காத. இன்னும் ஊறல் அடங்கல. இப்ப அடைச்சா பாட்டில் வெடிக்கும்" என்றாள் பானு.

ஃபெலிக்ஸுக்கு அந்தச் சொல் புரியவில்லை. வர்ஷினிக்குப் புரிந்தது. பேப்பரில் போலீஸ் கொட்டி அழிக்கிறார்களே, அந்தச் சாராய ஊறலா என்று சிரித்தாள். பிரசன்னாவும் சிரித்தான். மால்ட் என்றான், ஈஸ்ட் என்றான், ஃபெர்மென்டேஷன் என்றான். பொறுமையாக, ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அந்தப் பொறுமையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வெல்லமும் வேலம்பட்டையும் என்றாள். ஏழெட்டு நாள் ஆகும் என்றாள். தன் படிப்பு முழுக்க அம்மா மண்ணில் புதைத்த ஊறல் பானையிலிருந்து வந்தது என்றாள். அதற்காக அம்மா இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய்வந்ததையும் குரல் உயர்த்தாமல் சொன்னாள்.

சிரிப்பு நின்றது. வர்ஷினி தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரசன்னா கோபப்படவில்லை. அவள் கையைக்கூடப் பிடித்துக்கொண்டான். நிச்சயதார்த்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வீட்டில் மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றான்.

பிறகு எழுந்துபோனான். தன் பீர் வாசனை பக்கத்து வீடுகளுக்கும் போகட்டும் என்று காலையிலிருந்து அவனே அகலத் திறந்து வைத்திருந்த வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.